இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தோராவது இலை

எருக்கந்திட்டில் அந்த வருஷம் ஆவணி வெள்ளம் வடிந்த மறுநாளிலிருந்து ஆள் எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்றில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. மழை நிற்கிறது, கடிகாரம் நிற்கிறது, யாராவது காரணம் கேட்கிறார்களா? அதுபோல இதுவும் நின்றது.

கொள்ளிடம் இரண்டாகப் பிரிந்து மறுபடியும் ஒன்று சேர்வதற்குள் நடுவில் விட்டுவைத்த மண்தான் திட்டு. முல்லையும் கனகாம்பரமும் விளையும். நான்கு தெரு, ஒரு பள்ளிக்கூடம், சுற்றிலும் ஒரு கரை, அக்கரைக்குப் போக ஒரு ஓடம். அவ்வளவுதான் ஊர்.

ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளம் வந்து வடிந்தால், அடுத்த ஆடித் தண்ணீர் வருவதற்குள், திட்டு மொத்தமும் ஒரே நாளில் பொங்கிச் சாப்பிட்டாக வேண்டும். வெள்ளச்சோறு என்று பேர். பால் குடிக்கிற பிள்ளைக்கும் ஒரு இலை, படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கும் ஒரு இலை. பந்தி எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பத்துக்கு மேல் பகல் தாங்காது. ஆனால் எல்லாப் பந்தியிலும் இலை ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஒரு பந்தியில் ஓர் இடம் காலியாக இருந்தால் அந்த இடத்தில் ஆறு வந்து உட்காரும், உட்கார்ந்து ருசி கண்டுவிட்டால் அடுத்த வருஷம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் என்று பயம். அதனால் வெள்ளச்சோற்றுக்கு அவர்கள் நாள் பார்ப்பதில்லை, நட்சத்திரம் பார்ப்பதில்லை, எண் பார்ப்பார்கள். தலைகளை எண்ணி, வகுத்து, மீதியில்லாமல் வந்தால் அன்றைக்கே உலை ஏறும். வராவிட்டால் காத்திருப்பார்கள். நாலு நாளில் எங்காவது ஒரு பிள்ளை பிறக்கும், இல்லாவிட்டால் ஒரு கிழம் சாகும், எண் மாறும், சோறு வேகும்.

முதல் பந்தி மேலத்தெருவுக்கு. பிறகு நடுத்தெரு, கீழத்தெரு, கடைசியில் படுகைத்தெரு. ஒரு தெரு முடிந்து இன்னொரு தெரு தொடங்குவது ஒரே பந்தியில் விழுந்துவிட்டால், இரண்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் குடம் வைப்பார்கள். அந்தக் குடத்தை எந்தக் கையும் தாண்டியதில்லை.

எண்ணுகிற வேலை பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் உத்திராபதிக்கு. நடுத்தெருக்காரர். ஒல்லி, பெண்டாட்டி இல்லை, கணக்கைத் தவிர வேறு எதற்கும் ஊர் அவரைக் கூப்பிட்டதும் இல்லை. நோட்டும் பேனாவுமாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேர் எழுதுவார். எண்ணுகிறவன் தன்னைக் கடைசியில்தான் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் வழக்கம். முதலிலேயே எழுதிக்கொண்டவன் மறந்துபோய் இன்னொரு தரமும் எழுதிக்கொள்வான் என்று எப்போதோ யாரோ பயந்திருக்கிறார்கள்.

அந்த வெள்ளத்தில் வாழைமரத் தெப்பம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருத்தி வந்து கரை ஒதுங்கினாள். பேர் மாரிக்கண்ணு. முப்பது, முப்பத்தைந்து வயசிருக்கும். எந்த ஊர் என்று கேட்டார்கள். "மேக்கே" என்றாள். எந்தத் தெரு என்று கேட்டார்கள். "தண்ணியில போன தெரு" என்றாள். சோறு போட்டுக் கேட்டார்கள், போடாமல் கேட்டார்கள், பெண்களை விட்டுக் கேட்டார்கள், பூசாரியை விட்டுக் கேட்டார்கள். தண்ணியில போன தெரு. வெள்ளத்துக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, அவள் மட்டும் பள்ளிக்கூடத்துப் பின்பக்கத் தாழ்வாரத்தில் தங்கிப் பூக் கட்டிப் பிழைத்தாள். நான்கு தெருவையும் எழுதி முடித்துவிட்டு உத்திராபதி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மாரிக்கண்ணுவை எழுதினார். தன்னை எழுதினார். கூட்டினார். இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று.

வகுத்தார். இரண்டால் வகுத்தால் ஒன்று மீதி. மூன்றால் வகுத்தால் ஒன்று மீதி. பத்து வரைக்கும் போனார். எதனால் வகுத்தாலும் மீதி ஒன்று.

"நாலு நாள் பொறுப்போம் தலைவரே" என்றார். ஊராட்சித் தலைவர் கலியபெருமாள் மேலத்தெரு. "நாலு நாள்தானே" என்றார் அவரும்.

மூன்றாம் நாள் கீழத்தெருவில் ஒரு கிழவர் செத்தார். ஊரே சந்தோஷமாக அழுதது. பாடைக்கு மூங்கில் வெட்டுவதற்குள் படுகைத்தெருவில் ஒரு பிள்ளை பிறந்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு பையன் வேலைக்கென்று திருப்பூர் போனான். அவன் ஏறிப்போன ஓடத்திலேயே, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியும் கையுமாக ஒருத்தி பிறந்த வீட்டுக்கு வந்திறங்கினாள். ஐப்பசிக்குள் ஊருக்குப் புரிந்துவிட்டது.

புரிந்ததும் பழகிவிட்டது. மனிதர்களுக்கு எது பழகவில்லை? பத்து மாதம் நிரம்பியும் இடம் காலியாகாததால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பதினோராம் மாதத்திலும் பூப்பறிக்கப் போனார்கள் பெண்கள். அவர்கள் வீட்டு ஆட்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, நாள்பட்ட சீக்காளி கிடக்கிற வீடுகளுக்குப் போய், எப்படி இருக்கிறது, ராத்திரி மூச்சு வாங்கியதா, என்று மிகுந்த கரிசனத்தோடு விசாரித்தார்கள். சீக்காளி வீட்டுக்காரர்களும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல், இன்னும் ரெண்டு நாள் ஆகும் போலிருக்கு என்று மரியாதையாகப் பதில் சொன்னார்கள். கல்யாணம் பேசும்போது நகைக்கு முன்னால், உங்கள் வீட்டில் வெளியூர் போகிற ஆள் உண்டா என்று கேட்டார்கள். மாலையும் கழுத்துமாக ஒரு புதுப்பெண் ஓடத்திலேயே அரை நாள் உட்கார்ந்திருந்தாள். துறை பத்தடி தள்ளி இருந்தது, ஓடம் நகரவில்லை. கீழத்தெருவில் எவரோ கண்ணை மூடிய பிறகுதான் ஓடம் தானாக வந்து துறையில் முட்டியது. மேளக்காரன் ஒரு கையால் கல்யாண மேளமும் மறு கையால் சாவு மேளமும் அடிக்கப் பழகினான்.

எல்லாம் பழகியது, வெள்ளச்சோறு ஒன்றைத் தவிர. தை போயிற்று, பங்குனி போயிற்று, ஆனி வந்துவிட்டது. இன்னும் ஒரு மாதத்தில் ஆடித் தண்ணீர். பந்தி நடக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். இந்த எண்ணுக்கு என்ன கேடு என்று வாத்தியார் விளக்க வேண்டும். முப்பது வருஷம் பிள்ளைகளின் கொட்டாவிக்கு முன்னால் கணக்குச் சொன்ன மனிதர், முதல் முறையாக ஊரே வாய் மூடிக் கேட்க, கரும்பலகை முன்னால் நின்றார். சட்டையை மடித்து விட்டுக்கொண்டார். இரண்டு, மூன்று, நான்கு என்று பத்து வரைக்கும் வகுத்துக் காட்டினார். ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒன்று என்று எழுதி வட்டம் போட்டார். பலகை முழுக்க வட்டம். ஆட்கள் "அட" என்றார்கள். அந்த "அட" அவருக்கு ஏறிவிட்டது.

"இந்த ஒண்ணு மட்டும் இல்லேன்னு வையுங்க" என்றார். "இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எதனால வகுத்தாலும் மீதியில்லாம வகுபடுற முதல் எண்ணே அதுதான். அதுக்குக் கீழ அப்படி ஒரு எண்ணே கிடையாது. அவ்வளவு அழகு. இந்த ஒண்ணுதான் கெடுக்குது."

கைதட்டினார்கள். தட்டி முடித்ததும் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. எல்லாத் தலையும் ஒரே பக்கம். ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த மாரிக்கண்ணுவின் பக்கம்.

"எண்ணு நிக்கிறதுக்கு முந்திக் கடைசியா வந்தவ அவதானே" என்றது ஒரு குரல்.

"அவ வந்த அன்னைக்குத்தானே எண்ணு நின்னுச்சு."

"கடைசியா எழுதுனது அவ பேர்தானே வாத்தியாரே?" என்றார் கலியபெருமாள்.

நோட்டு மேசை மேல் இருந்தது. கடைசி வரியில் யார் பேர் இருக்கிறது என்று உத்திராபதிக்குத் தெரியும். கையில் சாக்குக்கட்டி. கைதட்டலின் சூடு இன்னும் காதில். அவர் பலகையைத் துடைக்கத் திரும்பினார். சொல்லாததை ஊர் பதிலாக எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து அவளுக்கு மீதி என்று பேர். "மீதி, நாலு முழம் முல்லை கட்டு." "மீதி, தள்ளி நில்லு." கெட்ட எண்ணத்தோடு சொன்னார்கள் என்றும் சொல்ல முடியாது. வாத்தியாரே சொன்ன கணக்கு. கணக்கில் கெட்ட எண்ணம் ஏது?

ஒரு மத்தியானம் அவள் தாழ்வாரத்திலிருந்து குரல் கொடுத்தாள். "வாத்தியாரே, சும்மாதானே இருக்கீங்க. ஒரு கணக்கு."

போய் நின்றார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு முடிச்சு. விரல் நிற்கவில்லை.

"ரெண்டால வகுத்தீங்க, பத்தால வகுத்தீங்க. ஒண்ணால வகுத்தீங்களா?"

"ஒண்ணால யாரு வகுப்பா?"

"வகுத்தா மீதி வருமா?"

"வராது. எந்த எண்ணுக்கும் வராது."

"அப்ப ஒரே பந்தியாப் போட்டா போச்சு. கரையைச் சுத்தி இலை போடுங்க. எல்லாரும் ஒண்ணா உக்காருவோம்."

உத்திராபதிக்கு முகம் சுட்டது. ஐம்பது வரைக்கும் வகுத்துப் பார்த்து, அதற்கு மேல் வகுக்கத் தேவையே இல்லை என்றும் தெரிந்து, இது பகா எண் என்று ஆவணியிலேயே அவர் கண்டுபிடித்திருந்தார். ஒன்றாலும் தன்னாலும் தவிர எதற்கும் உடைந்து கொடுக்காத எண். ஒரே பந்தி, இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு பந்தி. அந்த எண் கேட்பதே அதைத்தான். பலகையில் அதை எழுதவில்லை. பக்கத்து எண்ணின் அழகைப் போய் எழுதினார்.

"அது பகா எண்ணும்மா" என்றார். "யாராலயும் பிரிக்க முடியாது."

"நல்ல எண்ணுதானே அப்ப. அதைப் போய்க் கெட்டுப்போச்சுன்னு சொல்லிப்புட்டீங்களே." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இன்னொண்ணு கேக்கணும். அன்னைக்கு என் பேரை எழுதுனப்புறம் கீழ இன்னொரு வரி எழுதுனீங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. வரி தெரியாதா? அது என்னா?"

ஓடத்துறைப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அது அவருக்கு ரொம்ப முக்கியமான விஷயம்போல உத்திராபதி அந்தப் பக்கம் பார்த்தார்.

"மொத்தம் எழுதினேன்" என்றார்.

"ஓ. மொத்தமா" என்றாள் மாரிக்கண்ணு. அடுத்த சரத்தை எடுத்துக்கொண்டாள்.

சோறு இறங்கவில்லை அவருக்கு. இரண்டு நாள் கழித்துத் தலைவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடியபோது, ஒரே பந்தி என்று எடுத்துச் சொன்னார். மீதி வராது, இடம் காலி விழாது, கரை ஐயாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது, ஆளுக்கு இரண்டடி என்றாலும் காணும். எல்லாம் சொன்னார். நோட்டின் கடைசி வரியை மட்டும் சொல்லவில்லை.

"ஒரே நேரத்துலயா?" என்றார் மேலத்தெருக்காரர் ஒருவர். "நாங்க திங்குறப்பவே படுகைத்தெருவும் திங்குமா?"

"குடம் வெச்சுக்கலாம். நாலு குடம்."

கலியபெருமாள் யோசித்தார். முரட்டு ஆள் இல்லை. ஊர் மூழ்கிவிடுமோ என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. "குடமெல்லாம் சரி வாத்தியாரே. எல்லாரும் உக்காந்துட்டா யாருய்யா பரிமாறுறது?"

பதில் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தது.

"பக்கத்துல இருக்கவங்களுக்குப் பக்கத்துல இருக்கவங்க போட்டா போச்சு" என்றாள் மாரிக்கண்ணு. "ஒரு கை அள்ளி வெச்சுட்டு, குண்டானை அப்படியே நகத்தி விடுங்க. குடத்தைத் தாண்டி."

மேலத்தெரு தன் கையைப் பார்த்தது. நடுத்தெரு தன் கையைப் பார்த்தது. கீழத்தெருகூட, தனக்குக் கீழே படுகைத்தெரு இருக்கிறது என்று நினைத்துத் தன் கையைப் பார்த்தது. யார் கையால் யார் இலையில் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு முறை சோறு போட்டுப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

"தெரு இல்லாதவ சொல்லுவா" என்றாள் ஒருத்தி.

அதோடு முடிந்தது. இந்தப் பெண்தான் ஆணி, ஆணியைப் பிடுங்கினால் எண் நகரும் என்று தீர்மானம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஓடம் ஏற வேண்டும். அவள் அக்கரை இறங்கியதும் இங்கே இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. பந்திக்கு முந்நூற்றுப் பதினைந்து வீதம் எட்டுப் பந்தி. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவரும் உத்திராபதிதான். கேட்டார்கள், போட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் உலை வைத்துவிட்டார்கள். துறைக்கு ஊரே வந்திருந்தது. அவளிடம் யாரும் கடுமையாகப் பேசவில்லை. ஒருத்தி ஒரு பழைய சேலைகூடக் கொடுத்தாள். மாரிக்கண்ணு அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஓடக்காரன் பக்கிரியின் தோளில் போட்டாள். "ஓடம் தொடைக்க ஆகும்ண்ணே."

ஏறி உட்கார்ந்த பிறகு உத்திராபதியைத் தேடினாள். அவர் அரசமரத்துக்குப் பின்னால் நின்றார்.

"வர்றேன் வாத்தியாரே" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "மொத்தம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க."

ஓடம் போயிற்று. நடு ஆற்றில் சின்னதாயிற்று. அக்கரையில் முட்டியது, அவள் கால் அந்த மண்ணில் பட்டது.

மேலத்தெருவில் கலியபெருமாள் வீட்டிலிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. அவர் மகளுக்கு எட்டாம் மாதம்தான். பதினோரு மாதமாக வயிற்றோடு காத்திருந்த மூன்று பெண்களைத் தாண்டி, வரிசையை மதிக்காமல், தலைவர் பேரன் வந்து பிறந்துவிட்டான். அங்கேயும் முதல் பந்தி.

இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று.

சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கடைசியாக வந்தவன்தான் மீதி என்றால் இப்போது மீதி யார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

"பச்சைப் பிள்ளையைப் போய்..." என்றார் கலியபெருமாள்.

அப்போதுதான் உத்திராபதி நோட்டைப் பிரித்துக்கொண்டு நடுவில் வந்தார். பள்ளிக்கூடத்துக் கூட்டத்திலிருந்து நெஞ்சில் அடைத்திருந்ததைக் கக்கினார். "இங்க பாருங்க. கடைசி வரி. இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று, உத்திராபதி. மாரிக்கண்ணு எனக்கு முந்தின வரி. மீதி அவ இல்ல. நான். அன்னைக்குப் பலகை முன்னால நின்னப்பவே எனக்குத் தெரியும். சொல்லல. என்னை அனுப்புங்க. அவளைக் கூப்பிடுங்க."

நோட்டைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். கலியபெருமாளும் பார்த்தார். பிறகு சிரித்தார். அவரோடு ஊரும் சிரித்தது. மனசு லேசான சிரிப்பு.

"போங்க வாத்தியாரே. அது எழுதுற மொறை. அதுக்காக நீங்க மீதி ஆயிடுவீங்களா? நடுத்தெருவுல உங்களுக்கு வீடு இருக்கு, உங்கப்பாவுக்குச் சமாதி இருக்கு. நீங்க யாரு, அவ யாரு?"

"கணக்குப்படி..."

"கணக்கை நீங்க போடுங்க. மீதி யாருன்னு நாங்க பாத்துக்குறோம்."

பார்த்துக்கொண்டார்கள். படுகைத்தெருவில் சடையன் என்று காது கேட்காத ஒருவன், தனிக்கட்டை, மாடு மேய்ப்பவன். திரும்பி வந்த ஓடத்தில் அவனை ஏற்றினார்கள். எதற்கு என்று அவனுக்குக் கேட்கவில்லை. ஊரே வந்து வழியனுப்புகிறதே என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி போனான். அவன் அக்கரை மிதித்ததும் கீழத்தெருவில், காத்திருந்த மூவரில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது.

மறுபடியும் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று. அதற்குள் உலைச்சோறு குழைந்து கூழாகிவிட்டது. பொழுது சாய அத்தனையையும் அண்டா அண்டாவாகச் சுமந்துபோய் ஆற்றில் கொட்டினார்கள். ஆக மொத்தம் வெள்ளச்சோற்றைச் சாப்பிட்டது ஆறு மட்டும்தான்.

அந்த ஆடியில் வெள்ளம் வரவில்லை. அதற்கடுத்த ஆடியிலும் வரவில்லை. மீதியை அனுப்பியதால்தான் என்றார்கள். அதனால் அதுவே வழக்கமாயிற்று. வருஷா வருஷம் ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒருவரைத் தேர்ந்தெடுத்து, குளிக்கச் சொல்லி, புதுத்துணி கொடுத்து, மாலை போட்டு ஓடம் ஏற்றுகிறார்கள். மாரிக்கண்ணுவையும் சடையனையும் சேர்த்து இதுவரை ஒன்பது பேர். ஒன்பது பேரில் எட்டுப் பேர் படுகைத்தெரு; மீதி ஒருத்திக்குத் தெருவே இல்லை. மேளம் உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு.

ஒவ்வொரு வருஷமும் எண்ணுகிறவர் உத்திராபதிதான். வீடு வீடாக நின்று எழுதிக்கொண்டு வந்து, கடைசி வரியில் தன் பேரை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுக்கிறார். வாங்கி மூடி வைத்துவிடுகிறார்கள். அவரும் ஓடம் ஏறிப் போயிருக்கலாம். துறை வரைக்கும் இரண்டு முறை போனார். தான் போனால் அந்த இடத்துக்கு இன்னொருத்தர் வருவார், எண் மாறப்போவதில்லை என்று தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டார். கணக்கு சரியான கணக்குதான். அவர் கணக்கு என்றைக்குத் தப்பியது?

பள்ளிக்கூடத்துப் பின்பக்கத் தாழ்வாரத்தில் தினமும் மத்தியானம் அவர் இரண்டு இலை போடுகிறார். இரண்டிலும் சோறு வைக்கிறார். ஒன்றின் முன்னால் உட்காருகிறார். மற்றது காலி. வந்து உட்காரட்டும் என்றுதான் காலியாக விட்டிருக்கிறார். வந்து, உட்கார்ந்து, ருசி கண்டு, நாலு தெருவையும் ஒரே தெருவாக அடித்துக்கொண்டு போகட்டும் என்றுதான்.

ஒன்பது வருஷமாக ஆறு வரவில்லை. இந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட அதற்கும் கூச்சமாக இருக்கும்.